அடிபட்ட இடத்தில் மட்டுமே கற்கிறோமா? ஆர்.சி.ஏ. எழுதுபவர்களுக்கான ஒரு விவாத இழை

வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 நவம்பர் 22

எங்கள் நிறுவனத்தில் இணையச் சேவை நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் ஆர்.சி.ஏ. (கோளாறின் மூலகாரணத்தை ஆராயும் அறிக்கை) எழுதுகிறோம். மூலகாரணம், தற்காலிகத் தீர்வு, நிரந்தரத் தீர்வு என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்பி மேலே அனுப்புகிறோம். ஆனாலும் ஏறத்தாழ அதே வகைக் கோளாறு சில மாதங்களில் வேறொரு குழுவில் தலைகாட்டுகிறது. இந்த வாரம், பல இணையதளங்களின் போக்குவரத்தைத் தாங்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சேவை முடங்கியதைப் பார்த்தபோது, அவ்வளவு பெரியவர்களுக்கும் இதே கதைதான் என்று தோன்றியது. மனிதர்கள் கற்றுக்கொள்கிறார்கள், நிறுவனங்கள் கற்றுக்கொள்வதில்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 23

பாதி மறுக்கிறேன். நிறுவனங்களும் கற்கின்றன, ஆனால் கற்றது எங்கே போய்த் தங்குகிறது என்பதைப் பொறுத்தே அது நிலைப்பதும் அழிவதும்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை அவர்கள் எதையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். குப்பைப் பதிவுகளால் தரவுத்தளத்தின் சுமை ஏறி, முதன்மைச் சர்வருக்கும் அதன் நகல் சர்வருக்கும் இடையே ஒத்திசைவு அறுந்துபோயிருந்தது. நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தில் அதைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், நகல் சர்வரின் தரவுக் கோப்புறையை நீக்கிவிட்டுப் புதிதாக நகலெடுக்க நினைத்தார். கட்டளையை இட்டதோ முதன்மைச் சர்வரில். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது.

அதன் பிறகு வெளியே வந்தவைதான் கவனிக்க வேண்டியவை. தினமும் எடுக்கப்படுவதாக எல்லோரும் நம்பியிருந்த பேக்கப் கோப்புகள் அமேசான் சேமிப்பகத்தில் இல்லவே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6ஆக இருக்க, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2ஆக இருந்தது, பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றால் மின்னஞ்சல் வரும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள், ஆனால் உரிய கையொப்பம் இல்லாததால் அந்த மின்னஞ்சல்கள் போய்ச்சேருமிடத்தில் நிராகரிக்கப்பட்டன. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்துவைத்திருந்த ஒரு நகல். அந்த இடைவெளியில் சேர்ந்தவை போயின: ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 பின்னூட்டங்கள், 700 பயனர் கணக்குகள் வரை பாதிக்கப்பட்டதாக அவர்களே கணக்குச் சொன்னார்கள்.

அறிக்கையில் ஒரு கேள்வி இருக்கிறது: பேக்கப் முறையை ஏன் யாரும் முறையாகச் சோதிக்கவில்லை? அது யாருடைய வேலை என்று வரையறுக்கப்படவில்லை, ஆகவே யாரும் செய்யவில்லை என்பது பதில். அந்த அறிக்கையிலேயே எனக்கு மிகவும் மதிப்புள்ள வரி அதுதான். பேக்கப் எடுக்க வேண்டும் என்பதும், எடுத்ததை மீட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் அங்கே பணியாற்றிய ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். தனி ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நவம்பர் 23, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த நிகழ்வுக்குப் பிறகு அவர்கள் பட்டியலிட்ட திருத்தங்களில், எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பது கட்டளை வரியிலேயே தெளிவாகத் தெரியும்படி எல்லாச் சர்வர்களிலும் முகப்பை மாற்றுவதும் ஒன்று. பார்க்க மிகச் சிறிய வேலை. நான் பணிபுரிந்த ஓர் இடத்தில் புரொடக்‌ஷன் சர்வர்களுக்குச் (வாடிக்கையாளர்கள் உண்மையில் பயன்படுத்துபவை) சிவப்பு, ஸ்டேஜிங்குக்குப் (சோதனைக்கானவை) பச்சை என்று கட்டளை வரிக்கு நிறம் வைத்திருந்தோம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து லேப்டாப்பைத் திறப்பவனுக்கு ஐம்பது பக்கக் கையேட்டைவிட அந்தச் சிவப்பு உதவும். நிறுவனம் கற்றது என்று நான் சொல்வது இத்தகைய மாற்றத்தைத்தான்: சம்பவத்தைப் பற்றி ஒன்றும் அறியாமல் நேற்றுச் சேர்ந்தவரையும் அது காப்பாற்றுகிறது.

நவம்பர் 27

இதே கோணத்தில் அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவையில் நடந்ததையும் பார்க்கலாம். 2017 பிப்ரவரி 28 அன்று, வடக்கு வர்ஜீனியா மையத்தில் கட்டணக் கணக்கு அமைப்பு மெதுவாக ஓடுவதைச் சரிசெய்ய, சில சர்வர்களை விலக்கும் கட்டளை ஒன்றை ஒரு பொறியாளர் ஏற்கெனவே எழுதப்பட்ட வழிமுறைப்படி இட்டார். அதில் ஓர் உள்ளீடு தவறாகப் பதிந்ததால், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் விலகின. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை அமைப்பு அவற்றில் அடக்கம். அந்த அமைப்பைப் பல ஆண்டுகளாக முழுதாக நிறுத்தித் தொடங்கியதே இல்லை. அதற்குள் அது மிகப் பெரிதாகிவிட்டதால், எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் பிடித்தது. அமெரிக்கப் பசிபிக் நேரப்படி காலை 9.37க்குத் தொடங்கிய சிக்கல் பிற்பகல் 1.54க்குத்தான் தீர்ந்தது. சேவைகளின் நிலையைக் காட்டும் அவர்களது பக்கமும் எஸ்3ஐச் சார்ந்தே இயங்கியதால், சேவை விழுந்துவிட்டது என்பதை அங்கே சொல்லவும் முடியவில்லை.

பிறகு அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன திருத்தம், கருவியைப் பற்றியது: சர்வர்களை அது மெதுவாகவே விலக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் எந்தக் கட்டளையையும் மறுக்கும். பாடம் ஆளிடமிருந்து கருவிக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

ஆனால் முந்தைய குறிப்பில் நான் எழுதியதோடு இதைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு தயக்கம் வருகிறது. கருவிக்குள் போன பாடம், காரணத்தை வெளியே விட்டுவிட்டுப் போகிறது. எங்கள் குழுவில் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு தானியங்கி நிரல்) இருந்தது. எதையாவது நீக்கும் முன் சர்வரின் முழுப் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்யச் சொல்லும். ஒட்டினால் ஏற்காது. புதிதாக வந்த திறமையான இளைஞர் ஒருவருக்கு அது வீண் தொல்லையாகப் பட்டது. அந்தப் படியைத் தாண்டிச் செல்ல ஒரு வழி எழுதினார், அதை மற்றவர்களும் நன்றியோடு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படி ஏன் வந்தது என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அதைச் சேர்த்தவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டிருந்தார். பழைய டிக்கெட்டுகளை, அதாவது கோளாறுப் பதிவுகளை, தோண்டியபோதுதான், ஒரு சனிக்கிழமை இரவு தவறான சர்வர் ஒன்று அழிக்கப்பட்ட கதை கிடைத்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நம் துறையில் சூடு கண்ட பூனை இரண்டு ஆண்டுகளில் வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது, அடுப்பு மட்டும் அங்கேயே இருக்கிறது.

அதன் பிறகு அந்த ஸ்கிரிப்டின் முதல் பத்து வரிகளில், நடந்த கதையையே குறிப்பாக எழுதிவைத்தோம். தடையும் அதன் காரணமும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும் என்பது இன்றும் என் உறுதியான எண்ணம்.

டிசம்பர் 1

கேள்வி கேட்ட நண்பர் கிளவுட்ஃப்ளேரைக் குறிப்பிட்டிருந்தார். அதற்கு வருகிறேன், இந்த இழையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயமும் அதில்தான் இருக்கிறது.

2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேரின் உலகளாவிய சேவை 27 நிமிடங்கள் தடுமாறியது. தாக்குதல்களைத் தடுக்கும் விதித்தொகுப்பில் புதிதாகச் சேர்த்த ஒரு விதியில், எழுத்துத் தொடர்களைப் பொருத்திப் பார்க்கும் கோவை ஒன்று மோசமாக எழுதப்பட்டிருந்தது. முன்னும் பின்னும் போய்ப் போய்ப் பொருத்திப் பார்த்து, அது உலகெங்கும் உள்ள அவர்களது சர்வர்களின் செயலி முழுவதையும் உறிஞ்சிவிட்டது. அவர்களிடம் நிரல்களைப் படிப்படியாக, முதலில் ஊழியர்களுக்கு, பிறகு சில வாடிக்கையாளர்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு என்று வெளியிடும் ஒழுங்கு இருந்தது. விதிகளுக்கு அந்த ஒழுங்கு இல்லை. அவை சில நொடிகளில் உலகம் முழுவதும் போய்ச் சேரும். அந்த நிகழ்வுக்குப் பிறகு, அவசரத் தாக்குதல் நேரம் தவிர மற்ற வேளைகளில் விதிகளும் படிப்படியாகவே போகும் என்று மாற்றினார்கள்.

அடுத்து 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம். நமக்கு அது வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி கடந்த நேரம்; அலுவலகக் கணினிகள் நீலத் திரையில் நின்றன, ஹைதராபாத் விமான நிலையத்தில் கையால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ் படம் எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றியது. 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. காரணம் ஒரு தகவல் கோப்பு. 21 புலங்களை எதிர்பார்த்த வார்ப்புக்கு, நிரல் 20 மதிப்புகளை மட்டுமே தந்தது. இருபத்தோராவதைத் தேடிப்போன நிரல் நினைவகத்தின் எல்லையைத் தாண்டி விழுந்தது. அவர்களது மென்பொருளின் புதிய பதிப்புகள் படிப்படியாகத்தான் வெளியாகும், எந்தப் பதிப்பில் இருப்பது என்பதை வாடிக்கையாளரும் தேர்ந்தெடுக்கலாம். தகவல் கோப்புகளுக்கு அந்த வசதி இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயின.

2025 நவம்பர் 18, மறுபடி கிளவுட்ஃப்ளேர், நம் நேரப்படி மாலை ஐந்துக்குச் சற்று முன்பு. தரவுத்தளம் ஒன்றில் அனுமதிகளை மாற்றியபோது ஒரு வினவல் இரட்டிப்பு வரிசைகளைத் திருப்பித் தந்தது. அதிலிருந்து உருவான, தானியங்கி நிரல்களை அடையாளம் காணும் கோப்பு இரு மடங்கானது. 200 கூறுகளுக்கு மேல் வராது என்று எழுதப்பட்டிருந்த நிரல், வந்ததும் விழுந்தது. அந்தக் கோப்பு ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை உருவாகி உலகெங்கும் பரவும். தரவுத்தளத் தொகுதியில் ஒரு பகுதி மட்டும் மாறியிருந்ததால் ஒரு முறை நல்ல கோப்பும் மறுமுறை கெட்ட கோப்புமாக வந்து, சேவை எழுவதும் விழுவதுமாக இருந்தது. அதனால் தொடக்கத்தில் இதைத் தாக்குதல் என்றே சந்தேகித்தார்கள்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். "நிரலைப் படிப்படியாக வெளியிடு" என்ற பாடம் மூன்று இடங்களிலும் கற்கப்பட்டுத்தான் இருந்தது. "விதி", "தகவல் கோப்பு", "கூறுக் கோப்பு" என்று வேறு பெயரோடு வந்தபோது, அதுவும் நிரல் போலவே சர்வரைச் சாய்க்கக்கூடியது என்பது முன்கூட்டியே கண்ணில் படவில்லை. நிறுவனம் அடிபட்ட இடத்தில், அடிபட்ட பொருளைப் பற்றி மட்டும் கற்கிறது. பக்கத்து அறையில் வேறு பெயரில் இருக்கும் அதே ஆபத்துக்குப் பாடம் தானாக நடந்து போவதில்லை. யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். நண்பரே, உங்கள் நிறுவனத்தில் வேறொரு குழுவில் அதே கோளாறு வருவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 2

நேற்று எழுதியதை இரவெல்லாம் யோசித்தேன்; ஒரு முக்கியமான அடுக்கு அதில் வரவில்லை. அந்த வேகப் பாதைகள் அலட்சியத்தால் உருவானவை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவையும் ஒரு பாடத்தின் விளைவுதான். புதிய தாக்குதல் தொடங்கிய சில நிமிடங்களில் தடுப்பு உலகம் முழுவதும் போய்ச் சேராவிட்டால் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பதைப் பாதுகாப்பு நிறுவனங்கள் தாக்குபவர்களிடமிருந்து கற்றன. ஆக, "நொடியில் அனுப்பு" என்பது ஒரு பாடம், "மெதுவாக அனுப்பு" என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை, இரண்டும் விலை கொடுத்துப் பெற்றவை, இரண்டும் வெவ்வேறு குழுக்களிடம் இருக்கின்றன. ஆர்.சி.ஏ. படிவத்தில் இந்த மோதலை எழுதக் கட்டம் கிடையாது.

டிசம்பர் 6

நேற்று நடந்ததைப் பலரும் இங்கே கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் 5 அன்று, நம் நேரப்படி பிற்பகல் 2.17 முதல் சுமார் 25 நிமிடங்கள், கிளவுட்ஃப்ளேர் வழியாகச் செல்லும் இணையப் போக்குவரத்தில் ஏறத்தாழ 28 சதவீதம் தடைபட்டது. அவர்களே அன்றே எழுதிய விளக்கத்தைப் படித்தேன். ரியாக்ட் நிரல்தொகுப்பில் கண்டறியப்பட்ட கடுமையான பாதுகாப்பு ஓட்டையிலிருந்து வாடிக்கையாளர்களைக் காப்பதற்காக ஒரு மாற்றம் செய்தார்கள். அந்த முதன்மை மாற்றத்தைப் படிப்படியாகத்தான் வெளியிட்டார்கள். அதற்கு ஒத்துவராத உள் சோதனைக் கருவி ஒன்றை அணைத்துவைத்ததோ, நொடிகளில் உலகெங்கும் பரவும் அமைப்பின் வழியே போனது. அது பல ஆண்டுகளாகக் கண்டுபிடிக்கப்படாமல் கிடந்த ஒரு பழைய பிழையைத் தொட்டுவிட்டது.

டிசம்பர் 2 அன்று எழுதிய மோதல் இதைவிடத் துல்லியமாக நிகழ முடியாது. உலகளாவிய அமைப்புகளுக்கும் படிப்படியான ஒழுங்கைக் கொண்டுவர வேண்டும் என்று நவம்பர் நிகழ்வுக்குப் பின் தீர்மானித்திருந்தார்கள், வேலை முடியவில்லை. பாடத்தை அறிவதற்கும் அது கருவிக்குள் போய்ச் சேர்வதற்கும் இடையே வாரங்களும் மாதங்களும் ஆகும். அந்த இடைவெளியில் இணையம் காத்திருப்பதில்லை. "கற்கவில்லை" என்று ஒரே சொல்லில் முடிப்பது அவர்களுக்கு நியாயம் செய்யாது. இதையெல்லாம் உள்ளபடி அவர்கள் எழுதாமல் போயிருந்தால், சென்னையில் உட்கார்ந்துகொண்டு நாம் இதைப் பற்றி ஒரு வரிகூடப் பேசியிருக்க முடியாது.

டிசம்பர் 10

"ஆளைத் தண்டித்தால் அடுத்தவர் கவனமாக இருப்பார்" என்று ஒருவர் கருத்திட்டிருக்கிறார். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

நான் பார்த்த ஆர்.சி.ஏ.க்களில் மிகவும் பயனற்றவை எல்லாம் ஒரே மாதிரி முடியும்: மூலகாரணம் மனிதப் பிழை, தீர்வு சம்பந்தப்பட்டவருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஓர் இடத்தில், தண்டனைக்குப் பயந்து ஒருவர் தான் இட்ட கட்டளையைச் சொல்லாமல் மறைத்தார். அந்த ஒரு தகவல் இல்லாமல் ஒரு குழு முழுவதும் விடிய விடிய வேறு திசையில் தேடியது. அந்த நிர்வாகம் கடைசிவரை அவரைத்தான் குறை சொன்னது. சொல்ல முடியாத சூழலை உருவாக்கியது தாங்கள்தான் என்று பார்க்கவே இல்லை.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரல் ஏழில் மட்டுமே ஏறியிருந்தது. எட்டாவதில், 2003இலேயே பயன்பாட்டை நிறுத்தியும் நீக்காமல் விட்ட பழைய நிரல் உயிர்பெற்றுப் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. ஏற்றத் தவறிய ஒருவரைச் சுட்டுவது எளிது. ஆனால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு ஆணையைப் படித்தால், இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற விதியே அங்கு இருக்கவில்லை என்று தெரிகிறது. சந்தை திறக்கும் முன்பே 97 மின்னஞ்சல்கள் அந்தப் பழைய நிரலின் பெயரைச் சொல்லி வந்திருந்தன. அவை எச்சரிக்கையாகக் கருதப்படவில்லை. பதற்றத்தில் புதிய நிரலை மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் நீக்கினார்கள்; அந்த ஏழிலும் பழைய நிரல் ஓடத் தொடங்கியது. இதில் யாரைத் தண்டித்தால் எது கற்கப்படும்?

டிசம்பர் 15

தனி ஆள் எப்படிக் கற்கிறார் என்பதைப் பற்றி அதிகம் எழுதவில்லை என்று நண்பர் நினைவூட்டினார்.

ஆன்-கால் பணியில் (கோளாறு வந்தால் எந்நேரமும் அழைக்கப்படும் முறைப்பணி) நான் கற்றவற்றில் பெரும்பகுதி, எனக்கு மூத்த ஒருவர் கோளாறு நேரத்தில் எதை முதலில் திறந்து பார்க்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததால் வந்தது. அவர் எந்த வரைபடத்தைப் பார்த்ததும் "இது தரவுத்தளம் இல்லை, நெட்வொர்க்" என்று சொல்கிறார், எப்போது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார் என்பவை எந்த ரன்புக்கிலும் (கோளாறு நேர வழிகாட்டி) இல்லை. வீட்டிலிருந்து வேலை வந்த பிறகு இந்தப் பக்கத்து நாற்காலி போய்விட்டது. அதற்கு மாற்றாக, கோளாறு நேரத்து அழைப்பில் புதியவர்களும் மைக்கை அணைத்துவிட்டுச் சேர்ந்திருக்கலாம் என்று அனுமதித்தோம். மறுநாள் அரை மணி நேரம் அவர்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் மூத்தவர் பதில் சொல்ல வேண்டும். "அந்த நேரத்தில் நீங்கள் ஏன் ரோல்பேக் செய்யவில்லை, பழைய பதிப்புக்கு ஏன் திரும்பவில்லை?" என்று பயிற்சிக்கு வந்த ஒரு பெண் கேட்டார், அந்தக் கேள்வியால் எங்கள் ரோல்பேக் வழிமுறையிலேயே ஒரு படி மாறியது. கற்பிப்பதற்கென்று வைத்த ஏற்பாட்டில் மூத்தவர்களும் கற்றார்கள்.

இப்போது புதியவர்கள் முதலில் கேட்பது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை. அதில் குறை காண மாட்டேன். பிழைச் செய்தி ஒன்றின் பொருளை நொடியில் அறிவது பெரிய வரம். ஆனால் அந்த விடைக்கு நம் சர்வர்களின் வரலாறு தெரியாது, எந்தத் தடை எந்தச் சனிக்கிழமை இரவால் வந்தது என்று தெரியாது. 2025 ஜூலையில், நிரல் எழுத உதவும் ரெப்ளிட் தளத்தின் செயற்கை நுண்ணறிவு முகவர், மாற்றம் எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தும் ஒரு வாடிக்கையாளரின் புரொடக்‌ஷன் தரவுத்தளத்தை அழித்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் அறிவித்த திருத்தங்களில் ஒன்று, மேம்பாட்டுத் தரவுத்தளத்தையும் புரொடக்‌ஷன் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்துவைப்பது. நம் துறையின் மிகப் பழைய பாடங்களில் ஒன்று அது. புதிய வகைப் பணியாளர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

டிசம்பர் 21

ஒத்திகை பற்றி.

2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணி தாண்டி நம் ஊரில் வாட்ஸ்அப் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்திறனை அளக்க இட்ட ஒரு கட்டளை, எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை இருந்தது. உள் கருவிகளும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்ததால், பொறியாளர்கள் நேரில் தரவு மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. பாதுகாப்புக்காகக் கடினமாக்கப்பட்ட வாயில்கள் அவர்களையும் தாமதப்படுத்தின. ஆறு மணி நேரம் போல ஆனது.

இவர்கள் ஒத்திகை பார்க்காத நிறுவனம் அல்லர். ஒரு தரவு மையத்தையோ ஒரு வட்டாரத்தையோ வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து பார்க்கும் பயிற்சியை ஆண்டுக்கணக்கில் நடத்திவந்தார்கள், அதனால்தான் மீட்கும்போது சுமை சீராக ஏறியது என்றும் எழுதினார்கள். முதுகெலும்பு முழுவதும் போவதாக மட்டும் ஒத்திகை பார்த்ததில்லை. நான் டிசம்பர் 1 அன்று எழுதியதற்கு இது ஒரு திருத்தம்: அடிபட்டுத்தான் கற்க வேண்டும் என்றில்லை, ஒத்திகையாலும் கற்கலாம். ஆனால் எதைக் கற்பனை செய்ய முடிகிறதோ அதுவரைதான் ஒத்திகை நீளும்.

சிறிய அளவில் என் அனுபவம். பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்கும் ஒத்திகையை முதன்முறை நடத்தியபோது, கோப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் அதைத் திறக்கும் மறைகுறியீட்டுச் சாவி, எந்தச் சர்வர் விழுந்ததாகப் பாவித்தோமோ அந்தச் சர்வரிலேயே இருந்தது. பேக்கப் அறிக்கை ஒவ்வொரு காலையும் பச்சையாகத்தான் வந்துகொண்டிருந்தது.

2026 ஜனவரி 4

ஒரு நிறுவனத்தின் பாடம் அடுத்த நிறுவனத்துக்குப் போவது எப்படி?

விமானத் துறையில் இதற்கு வழி உண்டு. நாசா 1976 முதல் நடத்தும் பாதுகாப்பு அறிக்கை முறையில், விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் விபத்தில் முடியாத தவறுகளைக்கூட எழுதி அனுப்பலாம். பெயர் நீக்கப்பட்டு, பாடம் மட்டும் எல்லோருக்கும் போகும். இணையத் துறையில் அமெரிக்கா 2022இல் இணையப் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம் ஒன்றை அமைத்தது; லாக்4ஜே என்ற நிரல்தொகுப்பின் ஓட்டையைப் பற்றிய அதன் முதல் அறிக்கை யாரும் படிக்கக்கூடியது. 2025 ஜனவரியில் அதன் உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தந்த செய்தி.

இந்தியாவில் 2022 ஏப்ரலில், இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பது அரசுக்கு, படிப்பதற்கு நமக்கு ஒன்றும் வருவதில்லை. மாறாக யு.பி.ஐ. விஷயத்தில் பாடம் ஓரளவு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. 2025 ஏப்ரல் 12 அன்று யு.பி.ஐ. நெடுநேரம் முடங்கியதை, அதை நடத்தும் என்.பி.சி.ஐ. ஆராய்ந்தபோது, வங்கிகளிடமிருந்து பரிவர்த்தனையின் நிலையைத் திரும்பத் திரும்பக் கேட்ட வினவல்கள் வெள்ளமாக வந்தது தெரியவந்தது. அதைத் தொடர்ந்து அத்தகைய வினவல்களுக்கு வரம்பு வந்தது. ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் கணக்கிருப்பைப் பார்க்க முடியாது. ஒரே இடத்தில் அடிபட்டது, விதி எல்லா வங்கிகளுக்கும் எல்லாச் செயலிகளுக்கும் போனது. நடுவில் ஒரு பொது அமைப்பு இருந்ததால்தான் அது முடிந்தது.

ஜனவரி 7

"எங்கள் படிவத்தில் நாளையே எதை மாற்றலாம்?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். மேலதிகாரிகளின் ஒப்புதல் தேவைப்படாத அளவுக்குச் சிறிதாகச் சொல்கிறேன்.

"மனிதப் பிழை" என்று எழுதும் இடத்தில், அந்த நேரத்தில் அவருடைய திரையில் என்ன தெரிந்தது என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு கடைசியில் ஒரு கட்டம் சேருங்கள்: "இதே தன்மையுள்ள வேறு எவை நம்மிடம் உள்ளன, அவை யாரிடம் உள்ளன?" அந்தக் கட்டத்தை எழுதியவரே நிரப்பக் கூடாது, ஏனென்றால் அவருக்குத் தன் வீடு மட்டுமே தெரியும். வேறொரு குழுவைச் சேர்ந்தவர் ஆர்.சி.ஏ.வை முழுவதும் படித்துவிட்டு, தன் குழுவின் பொருள்களை நினைத்து நிரப்ப வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இந்தக் கட்டத்தைத் தொடங்கியபோது, கட்டணக் குழுவின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியான கதையைப் படித்த மின்னஞ்சல் குழுவின் பொறியாளர், தங்களிடம் நினைவூட்டலே இல்லாத இரண்டு சான்றிதழ்களைக் கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்று அடுத்த வாரம் காலாவதியாக இருந்தது. அன்று மாலையே புதுப்பித்து, இரண்டையும் நினைவூட்டல் பட்டியலில் சேர்த்துவிட்டார்.